பேச்சியம்மாளின் சம்மதம்

1

பெர்கனில் மழை பெய்தது என்று எழுதினால் இங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். மழை பெய்யாத நாளைத்தான் இவர்கள் குறித்து வைத்துக்கொள்வார்கள். நான் போடிநாயக்கனூரிலிருந்து நார்வேக்கு வந்து பத்தொன்பது வருஷம் முடிந்த அன்றும் பெய்துகொண்டிருந்தது. அந்த நாளை வருஷாவருஷம் ஒரு தம்ளர் ஏலக்காய் டீ போட்டு நானே கொண்டாடிக்கொள்வேன். வீட்டில் வேறு யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. கணவர் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் இரண்டு வார வேலைக்குப் போயிருந்தார். பதினாறு வயது மகள் யாழினி பாட்டுக் குழு ஒத்திகைக்குப் போயிருந்தாள். டீயை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைக்கும் ஊருக்கும் கெடுதல் செய்யாமல் விருந்தினரைத் தங்கவைக்கிற விடுதிகளைத் தேடிப் பட்டியல் போடும் ஒரு சின்னப் பயண நிறுவனம். பட்டியலில் சேர விரும்புகிறவர்கள் எண்பது சொச்சம் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது, சமையல்காரருக்கு வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, விறகு எங்கிருந்து வருகிறது என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் பெண் கொடுக்கும்போதுகூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து வரும் தாள்களை நார்வேஜிய மொழியில் எழுதிக் கொடுத்து, சந்தேகம் இருந்தால் ஓரத்தில் குறிப்பது என் பொறுப்பு. முடிவு எடுப்பது இங்கிரிட் என்கிற என் மேலதிகாரி.

அன்றைக்கு வந்த படிவம் என் தம்பி செல்வத்தினுடையது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்துகிற பழைய ஸ்டோர் கட்டடத்தை ஐந்து அறைகளாகப் பிரித்து விடுதி ஆக்கியிருக்கிறான். தம்பி என்று இங்கிரிட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "நீ மொழிபெயர்த்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

கேள்விகளெல்லாம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கிடையாது. சமையலுக்கு அடிவாரத்துச் சிலமலை கிராமத்துப் பெண்கள். படித்துக்கொண்டே வந்தபோது பெருமையாகத்தான் இருந்தது. கடைசி இணைப்பு, உள்ளூர் மக்களின் படத்தையோ பாட்டையோ குரலையோ விருந்தினருக்காகப் பயன்படுத்தினால் வாங்க வேண்டிய சம்மதத் தாள். பெயர், பேச்சியம்மாள். தொழில், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தல். எதற்கு, மாலை நேரக் குரல். அடியில் நீலமையில் ஒரு கட்டைவிரல் ரேகை. தேதி இந்த வருஷத்துச் சித்திரை மாதம்.

பேச்சி செத்து அப்போதே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

2

பேச்சியும் நானும் ஒரு வயது. பள்ளிக்கூட லீவில் நான் தோட்டத்துக்குப் போனால் அவள் ஏற்கெனவே வரிசையில் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள். நான் முதலாளி வீட்டுப் பெண், அவள் கூலிக்கு வந்தவள். அந்த வயதில் அதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏலச்செடியைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காய் தரையை ஒட்டிக் காய்க்கும், செடி ஆளை விட உயரமாக நிற்கும். உள்ளே குனிந்து வேலை செய்கிறவர் அடுத்த வரிசைக்குத் தெரிய மாட்டார். மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவரையும் தெரியாது. அதனால் எங்கள் சரிவில் வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாருக்கும் மேல் வரிசையில் இருக்கிற பெண் முதலில் குரல் கொடுப்பாள். பேரைச் சொல்ல மாட்டார்கள், மலையில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வெறும் 'ஓஓய்' தான். கீழே இருக்கிற ஒவ்வொருத்தியும் பதிலுக்கு 'ஓஓய்' என்பாள். எல்லாருடைய பதிலும் வந்த பிறகு மேல் வரிசைக்காரி இறங்குவாள். அவள் வந்து ஏறிய பிறகுதான் ஜீப்பு கிளம்பும். அப்பா காலத்தில் ஒருநாள் ஒரு பதில் குறைந்ததற்காக முக்கால் மணி நேரம் ஜீப்பு நின்றது. அந்தப் பெண் செடிக்குள் அசந்து தூங்கிப் போயிருந்தாள்.

பேச்சியின் குரல் மற்றவர்களுடையதைப் போல இருக்காது. இரண்டாக உடைத்து, கடைசியில் ஒரு தூக்குத் தூக்குவாள். கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். எனக்கும் அப்படிக் கொடுக்க வராதா என்று ஓடைக்கரையில் நின்று எத்தனையோ நாள் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

3

மறுநாள் செல்வத்தைப் போனில் பிடித்தேன்.

"என்னக்கா, பாஸ் பண்ணிட்டாகளா?" என்றான் எடுத்த எடுப்பில்.

"பேச்சி எப்படா ரேகை வச்சா?"

"ஒங்க படிவம் கேட்டுச்சு, குடுத்தேன்" என்றான்.

"செத்தவகிட்ட எப்படிடா வாங்குன?"

"அக்கா, அந்தக் கட்டத்த நெரப்பலைன்னா செவப்பாவே நிக்கிது. அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. செத்துப்போனவுகளுக்குன்னு ஒரு கட்டம் ஒங்க ஆளுக வச்சிருந்தா நான் அதத் தொட்டிருப்பேன்ல?"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்கள் படிவம் சிவப்பாக நிற்பது உண்மைதான். நானே பலமுறை இங்கிரிட்டிடம் புலம்பியிருக்கிறேன்.

அவள் குரல் இவனிடம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு நீளமாகச் சொன்னான். அவன் தோட்டத்தில் மருந்து அடிப்பதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் சுற்றியுள்ள தோட்டங்களில் அடிக்கிறார்கள். காற்று எல்லைக் கல்லைப் பார்த்து வீசாது. விடுதியைச் சுற்றி அட்டை இல்லை, கொசு இல்லை, தேனீ இல்லை, இரைச்சலிடுகிற பூச்சி இல்லை. பூச்சி இல்லாத இடத்தில் குருவிக்கு என்ன சோலி? முதலில் வந்த விருந்தினர்கள் அட்டை இல்லையென்று சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் பெங்களூர்க் குடும்பம் ஒன்று முதல் நாள் சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டது. காது அடைத்த மாதிரி இருக்கிறது, குழந்தை பயந்து அழுகிறது என்றார்களாம். மலை உச்சியில், சோலைக் காட்டை ஒட்டிய மேல் வரிசைப் பக்கம் மட்டும் இன்னும் குருவிச் சத்தம் மிச்சம் இருந்தது. அங்கே ஒரு மரத்தில் பதிவுக் கருவியைக் கட்டி ஒருநாள் முழுக்க ஓடவிட்டு, அதிலிருந்து இரண்டு மணி நேரத்தை வெட்டி எடுத்து, விடுதியைச் சுற்றி மரங்களில் ஸ்பீக்கர் வைத்துவிட்டான்.

"அதுல பேச்சிக்கா கொரலும் விழுந்திருச்சு. வர்றவுகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தோட்டத்துப் பொம்பளைக அதுக்குப் பதில் வேற குடுப்பாகளா, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாக. ஒனக்கு அனுப்புறேன், கேட்டுப் பாரு."

4

யாழினியின் தமிழ் சமையலறைத் தமிழ். போனில் மாமாவை "நீ சாப்ட்டியா?" என்பாள், செல்வம் விழுந்து விழுந்து சிரிப்பான். அவளுடைய கனவெல்லாம் நார்வேஜிய மொழியில் வருகிறது என்று ஒருநாள் தானாகச் சொன்னாள். அன்றைக்கு நான் கொஞ்சம் அழுதேன். ஆனால் காது விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. பாட்டுக் குழுவில் அந்த மாதம் இந்த நாட்டுப் பழைய குரல் ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார்கள். மலையில் மேயும் மாடுகளையும் எதிர்ச் சரிவில் இருக்கும் தோழிகளையும் பெண்கள் கூப்பிட்டது. அதனால் செல்வம் அனுப்பியதை அவளிடம் போட்டுக் காட்டினேன். நம் ஊரிலும் அப்படி உண்டு என்று பீற்றிக்கொள்ளத்தான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். குருவிகள், தூரத்துத் தண்ணீர். பிறகு பேச்சி. யாழினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

"அம்மா, இந்த ஆன்ட்டி யாரக் கூப்பிடுது?"

"கூட வேலை பாக்கிறவங்கள. வீட்டுக்குப் போகலாம்னு."

"அப்ப ஏன் யாரும் திரும்ப சொல்லலை?"

"தூரமா இருந்திருப்பாங்க, பதிவாகியிருக்காது."

"இல்லம்மா. கீழ தண்ணி கேக்குது, நாய் கேக்குது. ஆளுங்க இருந்தா கேக்கும்." ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். "மூணு தடவ கூப்பிடுது. ஒவ்வொரு தடவயும் நின்னு வெயிட் பண்ணுது. மூணாவதுல மேல போகல பாரு."

கேட்டேன். முதல் குரலில் அந்தப் பழைய தூக்கல் அப்படியே இருந்தது. இரண்டாவது இன்னும் உரக்க. நடுவில் அவள் காத்திருக்கிற நேரம் முழுக்க ஒரு குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது குரல் பாதியில் தாழ்ந்து போயிற்று. அதற்குப் பிறகு செடிகளை விலக்கிக்கொண்டு யாரோ வேகமாக இறங்கும் சத்தம்.

எங்கள் சரிவில் பதில் வராத நாள் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை கிடையாது. பேச்சி செத்தபோது செல்வம் போனில் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லாரும் பதில் கொடுத்து ஜீப்பில் ஏறிய பிறகு, மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாளை மறந்துவிட்டேன் என்று அவள் மட்டும் திரும்ப மேலே போனாள், காத்திருந்து தேடியும் கிடைக்கவில்லை, மறுநாள் காலையில் ஓடைப் பள்ளத்தில் கிடந்தாள், தவறி விழுந்துவிட்டாள் என்றான்.

பதிவு எந்த நாளில் எடுத்தது என்று கேட்டு அவனுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

5

ஆடி மாத லீவில் தனியாகப் போனேன். யாழினிக்குப் பாட்டுக் குழு முகாம் இருந்தது, என்னோடு வருகிறாயா என்று இரண்டாம் முறை கேட்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டில் ஜீப்போடு நின்றவர் ஈசுவரன், பேச்சியின் கணவர். முன்பு தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பிறகு போடியில் ஏலக்காய் மூட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். அவள் போன பிறகு செல்வம் அவரைக் கூப்பிட்டு விடுதி ஜீப்பை ஓட்டக் கொடுத்திருந்தான்.

"வாங்காத்தா. இளைச்சுப் போயிட்டீகளே" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். வழி முழுக்க என் கணவர் வேலை பார்க்கும் கடலைப் பற்றி விசாரித்தார்.

விடுதி அழகாகத்தான் இருந்தது. ஸ்டோர் சுவர்களில் இன்னும் ஏலக்காய் வாசம் இருக்கிறது. ஜீப்பு நின்று இஞ்சின் அணைந்ததும் பின்னால் குருவிகள் பாடின. வேலை முடிந்து குரல் கொடுக்கிற ஐந்து மணிக்காக நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் பெயின்ட் அடித்த வராந்தாவுக்கு மேலே ஒரே குருவி ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி மூன்று முறை விசிலடித்து நிறுத்தியது. மரத்தில் இலைகூட அசையவில்லை. ஸ்பீக்கர் இருந்த கிளையில் ஒரு எறும்பைக்கூட நான் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் விருந்தினர்கள் எட்டுப் பேர் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். இஞ்சி டீ வந்தது. கண்ணை மூடிக்கொள்ளும்படி செல்வம் மெதுவாக இங்கிலீஷில் சொன்னான். என் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

அப்போது கரண்டு போயிற்று.

விசில் பாதியில் நின்றது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. அத்தனை குருவிகளும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டன. சிறு வயதில் நான் சுற்றித் திரிந்த மலை, அப்படி ஒரு அமைதியை அதில் நான் கேட்டதே இல்லை. எனக்கு என் மூச்சு கேட்டது, பக்கத்தில் ஒருவர் டீயை விழுங்கியது கேட்டது. செல்வம் ஜெனரேட்டர் பக்கம் ஓடினான். கண்ணை மூடியிருந்தவர்கள் மூடியபடியே இருந்தார்கள். எவ்வளவு அழகான அமைதி என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

அந்த அமைதியில், கூப்பிட எந்தக் குரலும் இல்லாதபோது, மேலே செடிகளுக்குள்ளிருந்து ஒரு 'ஓஓய்' வந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றாக ஆறு பேர் பதில் கொடுத்தார்கள். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவில் ஒருவர் மெதுவாகக் கை தட்டினார்.

6

பெண்கள் இறங்கி வந்தபோது வீரம்மாவைத் தனியே பிடித்தேன். பேச்சியோடு ஒரே ஜீப்பில் வந்து போனவள், எனக்கும் சிறு வயதிலிருந்தே பழக்கம்.

"கரண்டு போயிருச்சே வீரம்மா. எதுக்குப் பதில் குடுத்தீங்க?"

"கூப்பிட்டுச்சேக்கா."

"யாரு கூப்பிட்டா? ஸ்பீக்கர் ஓடவே இல்லையே."

சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களுக்குக் கேக்கலையா? வெளிநாட்டுல இருந்துட்டு வந்திருக்கீக. காது பழக ரெண்டு நாள் ஆகும்."

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அன்னைக்கு விருந்தாளுக சூரியன் விழுகுறதப் பாக்கணும்னு நின்னாக. ஜீப்பு அங்க போகுது, நீங்க ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து போயிருங்க, வந்து ஏத்திக்கிர்றேன்னு தம்பி சொன்னாரு. கீழ் வரிசையில நாங்க ஆறு பேரு அவரு சொன்னதக் கேட்டோம். பேச்சி மேல இருந்தா. அந்த வழியாத்தான ஜீப்பு போகுது, அவளத் தம்பி அங்கனயே ஏத்திக்கிருவாருன்னு நெனச்சோம். தம்பி அவ எங்க கூட எறங்கிட்டான்னு நெனச்சிருக்காரு. அப்பறம் மூடுபனி வேற எறங்கிருச்சு. கொரலுக்குக் காத்திருக்காம வெரசா எறங்கிட்டோம்க்கா. வாழ்க்கையில அன்னைக்கு ஒரு நாளுதான்."

"ஈசுவரண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஜீப்பு நின்னுச்சுன்னு சொன்னோம். தம்பி சொல்லச் சொன்னாரு. எங்க மேலயும் தப்பு இருக்குல்ல, சொல்லிட்டோம். அன்னைக்குக் குடுக்காத பதில இப்பக் குடுக்குறோம். அம்புட்டுத்தான்." சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

செல்வம் சமையலறைக்குப் பின்னால் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கேட்டேன். மறுக்கவில்லை. அன்றைக்கு மரத்தில் கருவி ஓடிக்கொண்டிருந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் எடுத்துக் கேட்டிருக்கிறான்.

"கேட்டதும் அழிச்சிருக்கலாம்லடா."

"அழிக்கத்தான் போனேன். அவ கூப்பிட்டுக்கிட்டு இருக்கா, நான் அழிக்கிறதா? அழிச்சா திரும்ப ஒருக்க விட்டுட்டு வந்த மாதிரி ஆகாதா? சத்தமாப் போட்டா எல்லாருக்கும் கேக்கும், யாராவது கேட்டு எங்கிட்ட நேரா வந்து கேப்பாகன்னு நெனச்சேன். ஒருத்தரும் கேக்கல. கை தட்டுனாக."

"ஈசுவரண்ணன்கிட்ட நீயே சொல்லு."

"என்னால ஆகாதுக்கா." முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். "நீ சொல்லிரு. ஒன் வாயால சொல்லிட்டுப் போயிரு."

அவன் பொய்யன் இல்லை. கழிவுத் தண்ணீர் முதல் கூலி வரை படிவத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் நான் சுற்றிப் பார்த்தேன், எல்லாம் உண்மை. விருந்தினருக்கு ஜீப்பு தேவைப்படும்போது வேலையாட்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் நாங்கள் கேட்டதே இல்லை. எண்பது சொச்சம் கேள்வியில் அது இல்லாமல் போனது எனக்கு வெட்கமாக இருந்தது.

7

மூன்றாம் நாள் காலையில் ஈசுவரன் என்னைப் போடிக்கு இறக்கிக்கொண்டு வந்தார். தம்பிக்காக நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கோழைக்கு அக்காவாகப் பிறந்துவிட்டேன், வேறு வழியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாலாவது வளைவில் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, பேச்சி போன அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..."

ஜீப்பை ஓரங்கட்டினார். இறங்கி, வழக்கம்போல் பின் டயருக்கு ஒரு கல்லை எடுத்து வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார்.

"நீங்க சொல்ல வேணாம்த்தா."

"தெரியுமாண்ணே?"

"நானும் அந்த மலையில வேல பாத்தவந்தான. மூணு தடவ கூப்பிடுறா, ஒரு பதிலு இல்ல. அது எப்பேர்ப்பட்ட நாளுன்னு எனக்குத் தெரியாதா? ஸ்பீக்கர்ல மொத நாளு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் எப்படிண்ணே அதே ஜீப்ப ஓட்டுறீங்க? அந்தச் சம்மதத் தாளுல ரேகை யாரு வச்சா?"

"என்னுதுதான். அவ பேரையும் நாந்தான் எழுதுனேன். தம்பி தாளக் கொண்டாந்து, இத அங்க அக்காதான் படிக்கும்னாரு. சந்தோசமா வாங்கி வச்சேன். செத்தவ ரேகையப் பாத்தா நீங்க கெளம்பி வருவீக, தம்பியக் கேப்பீகன்னு தெரியும்."

"நேராக் கேட்டிருக்கலாமேண்ணே தம்பிகிட்ட."

"நான் கேட்டா சண்டை ஆகும். நீங்க சொன்னா ஊர்ப் பேச்சு ஆகும். அவரா வந்து சொல்லணும். அதுக்குத்தான் தெனமும் அவரு கண்ணு முன்னால நிக்கிறேன்." கல்லை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

மதுரை பஸ்சில் உட்கார்ந்த உடனே செல்வத்துக்குப் போன் செய்தேன். "அவருக்கு எல்லாம் தெரியும்டா. ஒன்னரை வருசமா நீ சொல்லுவேன்னு நிக்கிறாரு" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. லைன் கட்டாகிவிட்டது.

8

பெர்கன் திரும்பி முதல் வேலையாக அந்தச் சம்மதத் தாளை மொழிபெயர்த்தேன். ஓரத்தில் எழுதினேன்: இந்தக் குரலுக்கு உரியவர் இறந்துவிட்டார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. பதிவான மாலையில், அவருக்காக நிற்க வேண்டிய வண்டி விருந்தினரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. இதை எழுதுகிற நான் விடுதிக்காரரின் அக்கா.

நார்வேஜிய மொழியில் எனக்கு இன்றுவரை ஏதாவது ஒரு எழுத்து இடறும். அந்தக் குறிப்பில் ஒரு பிழை இல்லை. இங்கிரிட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "இதை எழுதினால் உன் தம்பி பட்டியலில் வர முடியாது, தெரியும்தானே?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். எல்லா விடுதிகளுக்கும் போகிற படிவத்தில் ஒரு கேள்வி புதிதாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். வேலையாட்கள் வீட்டுக்குப் போகிற வண்டி விருந்தினருக்காக எப்போதாவது எடுக்கப்படுகிறதா? அவள் அப்படியே சேர்த்தாள். அந்தக் கட்டமும் நிரப்பாவிட்டால் சிவப்பாகத்தான் நிற்கும்.

செல்வம் மூன்று வாரம் என் போனை எடுக்கவில்லை. அவனுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று சித்தி வகையில் செய்தி வந்தது. நான் அழுதேன், ஆனால் குறிப்பைத் திருத்தவில்லை. யாழினி மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது, "அந்த ஆன்ட்டிக்கு யாராவது பதில் சொன்னாங்களா?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஈசுவரன் கூப்பிட்டார். இங்கே மத்தியானம், அங்கே சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது.

"தம்பி வந்து சொன்னாருத்தா. பத்துப் பன்னெண்டு நாளைக்கு முந்தி காலையிலயே வந்து வாசல்ல உக்காந்துட்டாரு. சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு அவருக்கு. ஸ்பீக்கரெல்லாம் கழட்டியாச்சு. இப்ப ஜீப்பு பொம்பளைகளுக்குத்தான். விருந்தாளு வந்தா வாடகை வண்டி."

"அண்ணே, ஒங்களுக்கு இப்ப மனசு எப்படி இருக்கு?"

"பொம்பளைக இன்னமும் அஞ்சு மணிக்குப் பதில் குடுக்குறாக. கழட்டி பத்து நாளாச்சு. யாரும் அவுகள நிப்பாட்டச் சொல்லல. நேத்து தம்பியும் மேல போய் நின்னு குடுத்தாரு. கொரலு உடஞ்சு போச்சு அவருக்கு."

"நீங்க குடுத்தீங்களா?"

"நான் குடுக்குறதில்லத்தா. ஒருநாளும் குடுத்ததில்ல."

ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"அவ என் பதிலுக்குத்தான் நிக்கிறா. நான் குடுத்துட்டா எறங்கிப் போயிருவா. அப்பறம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னை யாரு கூப்பிடுவா?"